ஐந்து எறும்பு ராணிகளின் முதல் குடியிருப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

மழை ஓய்ந்த ஒரு மாலையில், கலவிப் பறப்பு முடிந்து தரையில் இறங்கி ஓடிக்கொண்டிருந்த கட்டெறும்பு ராணிகள் ஐந்தினை ஒரு மணி நேரத்துக்குள் பிடித்தேன். ஐந்தும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை, காம்போனோட்டஸ் பேரினத்தின் பெரிய கருநிற வகை. நூறாவது நாளில் கணக்கெடுத்தபோது மூன்று ராணிகள் வேலைக்கார எறும்புகளுடன் இருந்தன. ஒரு ராணி இறந்துவிட்டிருந்தது. இன்னொன்று உயிரோடு இருந்தும் ஓர் ஆண் எறும்பைத் தவிர வேறெதையும் ஈனவில்லை. ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே பறப்பிலிருந்து எடுத்த ராணிகளுக்கிடையே இத்தனை வேறுபாடு தோன்றியதற்கு அவற்றின் உடல் நிலை எவ்வளவு காரணம், நான் கொடுத்த இருப்பிடம் எவ்வளவு காரணம் என்பதைப் பிரித்தறிவதே இந்த ஆய்வின் நோக்கம். ஒவ்வோர் ஏற்பாட்டிலும் ஒன்றிரண்டு ராணிகளே இருந்தன என்பதால் இதைப் பரிசோதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ராணியின் குழாயில் ஒரே ஒரு நிலைமையை மாற்றியதும் விளைவு தலைகீழாக மாறியது, அதை விரிவாகப் பதிவு செய்வது பயனுடையது.

பிடித்தபோது முதலில் உறுதிசெய்ய வேண்டியிருந்தது இவை ஈசல் அல்ல என்பதைத்தான். சிறகுடன் மழைக்குப் பின் கிளம்பும் எதையும் ஈசல் என்றே அழைப்பது வழக்கம். ஆனால் ஈசல் கரையானின் சிறகு முளைத்த வடிவம், எறும்புக்கு உறவே இல்லாதது. கரையானின் நான்கு சிறகுகளும் ஏறக்குறைய ஒரே நீளமுடையவை, இடுப்பு ஒடுங்காமல் உடல் ஒரே தடிமனாக இருக்கும், உணர்கொம்பு மணி கோத்தாற்போல் நேராக நீளும். எறும்பின் முன்சிறகு பின்சிறகைவிடப் பெரிது, இடை கயிறு கட்டியதுபோல் ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை மடங்குவதுபோல் மடங்கும். அதே மாலையில் பறந்த ஆண் எறும்புகளையும் ஒதுக்க வேண்டியிருந்தது. அவற்றின் தலை சிறியது, உடல் மெலிந்தது. ராணிக்கோ சிறகுத் தசைகள் அடைந்திருக்கும் மார்பு பருத்து மேடிட்டிருக்கும், வயிறும் பெரிது.

ஐந்தையும் தனித்தனியாகவே வைத்தேன். பல ராணிகளைச் சேர்த்து வைத்தால் முதல் தலைமுறை வேகமாக வளரும் என்பது பொய்யல்ல. லேசியஸ் நைகர் போன்ற இனங்களின் ராணிகள் இயற்கையிலேயே கூட்டாகக் குடி தொடங்குவதுண்டு. ஆனால் வேலைக்காரர்கள் வெளிவந்தவுடன் அதே ராணிகள் ஒன்றையொன்று கடித்துக் கொன்று ஒருத்தி மட்டும் மிஞ்சுவதும் அங்கேதான் நடக்கிறது.

ராணிகளுக்கு அ, ஆ, இ, ஈ, உ என்று பெயரிட்டேன். ‘அ’, ‘ஆ’ இரண்டும் வழக்கமான சோதனைக் குழாயில், மூடிய மரப்பெட்டிக்குள், வாரம் ஒருமுறை மட்டுமே திறந்து பார்க்கும் ஏற்பாட்டில் இருந்தன. ‘இ’ அதே அளவுக் குழாயில், நான் நாள்தோறும் எழுதும் மேசையின் ஓரத்தில், சிவப்புத் தாள் சுற்றப்பட்டு இருந்தது. ‘ஈ’ பத்து அறைகளும் இணைப்பு வழிகளும் கொண்ட, மேலே அக்ரிலிக் மூடியுள்ள ஜிப்சம் கூட்டில் விடப்பட்டது. ‘உ’வின் குழாய் பெட்டிக்குள்தான் இருந்தது, ஆனால் அந்தப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வெப்பத் தகடு இருந்தது.

குழாயின் அமைப்பு

குழாய் 16 மி.மீ. விட்டமும் 150 மி.மீ. நீளமும் உடையது. மூன்றில் ஒரு பங்கு வரை கொதித்து ஆறிய நீரை ஊற்றி, அந்த நீரைத் தொடும்வரை ஒரு பஞ்சு உருண்டையைப் பென்சிலின் மழுங்கிய முனையால் அழுத்திச் செருகினேன். குழாயைத் தலைகீழாகப் பிடித்து ஒரு நிமிடம் வைத்தபோது ஒரு துளியும் சொட்டக் கூடாது. சொட்டினால் பஞ்சு போதவில்லை என்று பொருள். அதற்கப்பால் ராணிக்கு நான்கு அல்லது ஐந்து செ.மீ. நீள வெற்றிடம். வாய்ப்பக்கத்தில் காற்றுப் போகும் அளவுக்கு இன்னொரு பஞ்சு. அவ்வளவே. உணவு இல்லை, மண் இல்லை, மணல் இல்லை.

முதன்முதலாக எறும்பு வளர்ப்போர் பலருக்கு இந்த வெறுமை மனம் ஒப்பாது. கருணையினால் ஒரு துளி தேன் வைப்பார்கள், மண் போடுவார்கள். கட்டெறும்பு ராணி ஏன் இதைக் கேட்பதில்லை என்பதற்கான விடை அதன் மார்பில் இருக்கிறது. கலவிக்குப் பின் அது சிறகுகளைத் தானே ஒடித்துப் போடுகிறது; இனி எக்காலத்திலும் பறக்கப் போவதில்லை; அந்தப் பருத்த சிறகுத் தசைகள் படிப்படியாகக் கரைந்து உடலுக்குள் உணவாகின்றன. இந்தக் கரைவைப் பிரெஞ்சு ஆய்வாளர் ஷார்ல் ஜானே 1907இல் லேசியஸ் நைகர் ராணிகளில் நுணுகி விளக்கினார். தசையிலும் கொழுப்பிலும் சேர்த்து வைத்திருப்பதைக் கொண்டுதான் ராணி தன் முதல் முட்டைகளை இடுகிறது, பொரிந்த புழுக்களுக்கு வாய்வழியாக ஊட்டுகிறது, சில முட்டைகளை உணவாகவே இடுகிறது. சேமிப்பு அளவானது என்பதால் முதல் வேலைக்காரர்கள் பின்னால் வருபவர்களைவிடக் குறுகிய உடலுடன் பிறக்கின்றன. இந்த ஆய்வின் பிற்பகுதி முழுவதற்கும் அடிப்படையாக ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அந்தத் தசையை ஒருமுறைதான் கரைக்க முடியும். ஒரு தொகுதி முட்டைகள் வீணானால் அதற்குச் செலவான பொருளை ராணி முட்டையைத் தின்று ஓரளவு மீட்டுக்கொள்ளும், முழுவதும் மீளாது.

எல்லா எறும்புக்கும் இது பொருந்தாது. ஆஸ்திரேலியாவின் மிர்மீசியா ராணிகள் குடி தொடங்கும் காலத்திலும் வெளியே சென்று இரை தேடுகின்றன. அவற்றைப் பட்டினி போட்டு அடைத்தால் இறந்துவிடும். லேசியஸ் அம்பிராட்டஸ் போன்ற ஒட்டுண்ணி ராணிகளுக்கு வேறு இனத்தின் வேலைக்காரர்கள் வேண்டும். தனியே வைத்தால் எத்தனை மாதம் காத்திருந்தாலும் குடி அமையாது. குழாயில் போடுமுன் பேரினத்தையாவது அடையாளம் காண்பது அதனால்தான் அவசியம்.

‘அ’வும் ‘ஆ’வும்

ராணி ‘அ’ பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏழாம் நாள் பார்த்தபோது ஐந்து முட்டைகள், பதினான்காம் நாள் பதினொன்று. இருபத்தோராம் நாளில் நான்கு புழுக்கள், முப்பத்தைந்தாம் நாளில் மூன்று கூடுகள், அதாவது புழு உருமாறத் தன்னைச் சுற்றி நூற்றுக்கொள்ளும் உறைகள். பொதுவழக்கில் எறும்பு முட்டை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்தக் கூடுதான். முட்டை கொண்டு திட்டை ஏறுவதாகச் சொல்லப்படும் எறும்பின் வாயில் இருப்பதும் பெரும்பாலும் புழுவோ கூடோதான், உண்மையான முட்டை கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவுக்குச் சிறியது. கூட்டின் ஒரு முனையில் கரும்புள்ளி விழுந்தால் உள்ளே புழு தன் கழிவை வெளியேற்றிவிட்டு உருமாறத் தொடங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நாற்பத்தொன்பதாம் நாள் வெளிறிய உடலுடன் இரண்டு வேலைக்காரர்கள் நின்றன, ராணி மூன்றாவது கூட்டைத் தாடையால் கிழித்துக்கொண்டிருந்தது. கட்டெறும்பின் குஞ்சு கூட்டைத் தானாக உடைத்து எளிதில் வெளிவராது. வெளியிலிருந்து யாரேனும் கிழித்துவிட வேண்டும். முதல் குஞ்சுகளுக்கு அந்த வேலையைச் செய்ய ராணியைத் தவிர ஆளில்லை.

ஒரு குறிப்பு மட்டும் உண்டு. ராணி ‘அ’ தன் இடது முன்சிறகைக் கடைசி வரை ஒடிக்கவே இல்லை. சிறகு உதிர்க்காத ராணி கலவியுறாதது என்று கருதி முதல் நாளே அதை விட்டுவிட நினைத்தேன். ஐந்தில் மிகச் சிறந்த குடியை அமைத்தது அதுதான்.

‘ஆ’ இதற்கு நேர்மாறு. முதல் இரவிலேயே நான்கு சிறகுகளையும் உதிர்த்துவிட்டு அமைதியாக அமர்ந்திருந்தது. முதல் முட்டை தென்பட்டதோ மூன்றாம் வாரத்தில். அதுவும் மூன்றே முட்டைகள். எண்பத்து நான்காம் நாள் ஒரே ஒரு கூட்டிலிருந்து சிறகுள்ள, சிறுதலையுடைய ஓர் ஆண் வந்தது. எறும்பு, தேனீ, குளவி ஆகியவற்றில் கருவுறாத முட்டை ஆணாகவும் கருவுற்ற முட்டை பெண்ணாகவும் வளரும். ராணி கலவியின்போது பெற்ற விந்தணுக்களை வயிற்றிலுள்ள சிறு பையில் சேமித்து வாழ்நாள் முழுதும் பயன்படுத்துகிறது. லேசியஸ் நைகர் ராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பதிவு உண்டு என்பதை நினைத்தால் அந்தப் பையின் அருமை புரியும். ‘ஆ’வின் பை காலி. இதில் இருப்பிடத்தின் பங்கு ஏதுமில்லை என்பதால் இந்த ராணியை மேற்கொண்டு ஆராயவில்லை.

‘உ’: நீர் புகுந்த குழாய்

பதினான்காம் நாள் பெட்டியைத் திறந்தபோது ‘உ’வின் குழாயில் உட்பஞ்சு விரற்கடை அளவு முன்னே தள்ளப்பட்டிருந்தது. நீர் தரை முழுவதும் பரவியிருந்தது, முட்டைகள் அதில் கிடந்தன, ராணி வாய்ப்பஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது.

பஞ்சு தளர்வாக இருந்ததோ என்று முதலில் எண்ணினேன். ஆனால் தலைகீழ்ச் சோதனையில் அது தேறியிருந்தது. காரணம் குழாயின் மூடிய முனையில் இருந்தது. நீரை ஊற்றிப் பஞ்சைச் செருகியபோது அங்கே ஒரு செ.மீ. நீளக் காற்றுக் குமிழி சிக்கியதை நான் பொருட்படுத்தவில்லை. வெப்பத் தகடு அந்த முனைக்கு நேர் கீழே இருந்தது. தகடு சூடாகும்போது குமிழி விரிந்து நீரைப் பஞ்சினூடே தள்ளியது. ஆறும்போது சுருங்கி, ராணியின் அறையிலிருந்து பஞ்சு வழியே காற்றை உள்ளிழுத்துக் கொண்டது. மறுநாள் அந்தப் பெரிய குமிழி இன்னும் அதிக நீரைத் தள்ளியது. எனவே நீரை ஊற்றும்போது குழாயைச் சாய்த்துத் தட்டிக் குமிழியை வெளியேற்ற வேண்டும். வெப்பம் தேவையென்றால் வாய்ப்பக்கத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் அறையில் இயல்பாகவே 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் வேண்டியதே இல்லை. புதிய குழாய்க்கு மாற்றிய பின் ‘உ’ பத்தொன்பதாம் நாள் மீண்டும் முட்டையிட்டது, அறுபத்து மூன்றாம் நாள் முதல் வேலைக்காரர் வந்தது.

இந்தச் சேதத்தில் என்னை உறுத்தியது வேறொன்று. வாரம் ஒருமுறைதான் பார்க்க வேண்டும் என்ற என் விதியே இந்தக் கசிவைக் கண்டுபிடிக்க விடாமல் தடுத்தது. நாள்தோறும் கண்ணால் பார்த்திருந்தால் இரண்டாம் நாளே தெரிந்திருக்கும். பார்ப்பது உண்மையிலேயே கெடுதலா என்ற கேள்வி அங்கே எழுந்தது. அதற்கு விடை ‘இ’யிடம் இருந்தது.

‘இ’: ஒளியா, அதிர்வா

மேசையில் இருந்த ராணி ‘இ’ ஐந்தாம் நாளில் ஆறு முட்டைகள் வைத்திருந்தது. எட்டாம் நாள் நான்கு, ஒன்பதாம் நாள் ஒன்றுமில்லை. பதினான்காம் நாள் புதிதாக மூன்று. பதினேழாம் நாள் அவையும் இல்லை. இரண்டு முறையும் ராணி தன் முட்டைகளைத் தானே தின்றுவிட்டது. எறும்பு வளர்ப்போர் இதற்குப் பொதுவாகச் சொல்லும் காரணம் வெளிச்சம்: இருட்டில் வை, திறந்து பார்க்காதே.

என் குழாயைச் சுற்றிச் சிவப்புத் தாள் இருந்தது. எறும்புகள் சிவப்பொளியை மிகக் குறைவாகவே உணர்கின்றன என்பது பழைய செய்தி. ஆங்கில ஆய்வாளர் ஜான் லபக், கண்ணாடித் தகடுகளுக்கிடையே வளர்த்த எறும்புகளின் மேல் பல நிறக் கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார். எறும்புகள் ஊதாக் கண்ணாடியின் அடியிலிருந்து புழுக்களையும் கூடுகளையும் அகற்றிச் சிவப்புக் கண்ணாடியின் கீழே அடுக்கின. 1882இல் வெளியான அவருடைய நூலில் இது விரிவாக இருக்கிறது. ஊதாக் கண்ணாடி மனிதக் கண்ணுக்குச் சிவப்பைவிட இருண்டு தெரிந்தபோதும் எறும்புகள் அதைத் தவிர்த்தன. ஆகவே ‘இ’ விடயத்தில் வெளிச்சத்தைக் குற்றம் சொல்ல எனக்குத் தயக்கம் இருந்தது.

பதினெட்டாம் நாள் குழாயைச் சுவரில் பதித்த கல் அலமாரிக்கு மாற்றினேன். சிவப்புத் தாளை எடுக்கவில்லை. அலமாரியில் சன்னல் வெளிச்சம் மேசையில் பட்ட அளவுக்கே பட்டது. நாள்தோறும் பார்ப்பதையும் நிறுத்தவில்லை. மாறியவை இரண்டே: குழாயைக் கையில் எடுக்காமல் இருந்த இடத்திலேயே குனிந்து பார்த்தேன்; எழுதும்போதும் நாற்காலியை நகர்த்தும்போதும் எழும் மேசை அதிர்வு அங்கே இல்லை. இரண்டும் அசைவு சார்ந்தவைதாம். இருபத்து நான்காம் நாள் முட்டைகள் வந்தன. அவற்றில் ஒன்றுகூடக் குறையவில்லை. எழுபத்தோராம் நாள் முதல் வேலைக்காரர் வெளிவந்தது, ‘அ’வைவிட ஏறத்தாழ மூன்று வாரம் பிந்தி. அந்த மூன்று வாரமும் மேசையில் கழிந்த காலத்தோடு ஒத்துப்போகிறது.

எறும்புக்குக் காற்றில் வரும் ஒலி பெரும்பாலும் பொருளற்றது. ஆனால் நிற்கும் தளத்தின் வழியே வரும் அதிர்வை அது கால்களில் உள்ள உணர்வுறுப்பால் கூர்மையாக அறிகிறது. கட்டெறும்பு வேலைக்காரர்கள் ஆபத்து வரும்போது தலையாலும் வயிற்றாலும் கூட்டின் சுவரைத் தட்டி மற்றவற்றை எச்சரிப்பது இந்த வழியில்தான். மண்ணுக்குள் தனியே அடைந்திருக்கும் ராணிக்குத் தரை திரும்பத் திரும்ப அதிர்வது யாரோ தோண்டுகிறார்கள் என்பதற்கு ஒப்பானது. அந்நிலையில் முட்டையைத் தின்று பொருளை மீட்டுக்கொண்டு பின்னொரு நாள் மறுபடி இடுவது அதற்குப் பைத்தியக்காரத்தனமல்ல, சிக்கனம்.

இருட்டு தேவையற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மரப்பெட்டி நல்ல ஏற்பாடு. அதைத் திறக்கும் கை தட்டுவதும், குழாயை உருட்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும்தான் தவறு. அசையாத தளம் முதலில், இருட்டு அடுத்து என்பதே நான் இப்போது வைத்திருக்கும் வரிசை.

‘ஈ’: பெரிய வீடு

ஜிப்சம் கூடு பார்வைக்கு அழகானது. இத்தகைய செயற்கைக் கூடுகளைச் செய்து காட்டிய முன்னோடிகளில் ஜானேயும் ஒருவர், வளர்ந்த குடிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. என் பிழை அதில் ஒற்றை ராணியை விட்டது.

ஆறாம் நாள் ஏழு முட்டைகள் இட்டது. மறுநாள் அவை வேறோர் அறையில் இருந்தன. அதற்கடுத்த நாள் மற்றோர் அறையில். ஒரு முனையில் மட்டும் நீர் ஊற்றும் அமைப்பு என்பதால் அந்த முனையின் அறைகள் சுவர் வியர்க்கும் அளவுக்கு ஈரமாகவும் மறுமுனை உலர்ந்தும் இருந்தன. நடுவில் எங்கே சரியான ஈரம் என்பது ஜிப்சம் உலர உலர ஒவ்வொரு நாளும் இடம்பெயர்ந்தது. ராணி அதைத் தேடி முட்டைக் கொத்தை வாயில் ஏந்திக்கொண்டு ஓயாமல் நடந்தது. இயற்கையில் அது தோண்டும் அறை அதன் உடலை ஒட்டிச் சற்றே பெரிதாக, வாசல் அடைக்கப்பட்டு, எல்லாப் பக்கமும் சுவர் உணர்கொம்பில் படும்படி இருக்கும். இங்கே வாசல்கள் பத்து, அடைக்க எதுவும் இல்லை. பதின்மூன்றாம் நாள் முட்டைகள் சுருங்கியிருந்தன, பதினைந்தாம் நாள் அவற்றைத் தின்றுவிட்டது.

நான் அப்போது செய்தது நிலைமையை மேலும் கெடுத்தது. பசி என்று நினைத்துத் தேன் வைத்தேன். அதைக் குடித்தது உண்மை, ஆனால் தேன் நடைக்குத் தேவையான ஆற்றலைத் தருமே தவிர முட்டைக்கு வேண்டிய புரதத்தைத் தராது. ஓட்டம் இன்னும் கூடியது. இருபதாம் நாள்தான் கூட்டின் வாயிலில் ஒரு தயார்க் குழாயை இணைத்தேன். குழாயைக் கருந்துணியால் மூடி, கூட்டின் மூடியை வெளிச்சத்தில் விட்டேன். கொட்டுவதோ தள்ளுவதோ செய்யாமல் காத்திருந்தபோது இரண்டு நாளில் தானே உள்ளே போனது. முப்பதாம் நாள் நான்கு முட்டைகள். எழுபத்தைந்தாம் நாள் ஒரு வேலைக்காரர், எழுபத்தொன்பதில் இன்னொன்று, இரண்டும் ‘அ’வின் குஞ்சுகளைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி சிறியவை. தொண்ணூற்றோராம் நாள் ராணி இறந்தது. கடைசி வாரங்களில் அதன் வயிற்று வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகிச் சுருங்கியிருந்தன. பதினாறு நாள் ஓயாத நடையிலும் வீணான முதல் முட்டைகளிலும் சேமிப்பின் பெரும்பகுதி கரைந்துவிட்டது என்பதே என் முடிவு.

‘ஈ’யும் ‘இ’யும் ஒரே காரணத்தால் முட்டைகளை இழந்தவை என்றே கருதுகிறேன். ஒன்றின் அறை வெளியிலிருந்து அசைக்கப்பட்டது. மற்றொன்றுக்கு நின்று அடங்குவதற்கான அறையே கிடைக்கவில்லை. ‘இ’யைத் தக்க நேரத்தில் மாற்றியதால் மிச்சமிருந்த சேமிப்பு போதுமானதாக இருந்தது.

வேலைக்காரர் வந்த பின்

‘அ’, ‘இ’, ‘உ’ மூன்றின் குழாய்களிலும் முதல் குஞ்சுகளின் உடல் கறுத்த பின், இரண்டு மூன்று நாள் கழித்தே உணவு வைத்தேன். சிறு தகடளவு தாளில் சர்க்கரை நீர் ஒரு சொட்டு, கொதிநீரில் கொன்ற பூச்சியின் ஒரு கால் அல்லது வயிற்றுத் துண்டு. சொட்டு பெரிதானால் குஞ்சு மூழ்கிவிடும். எஞ்சிய பூச்சித் துண்டை மறுநாளே எடுக்காவிட்டால் பூசணமும் உண்ணிகளும் வரும். உட்பஞ்சு மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியதைக் கண்டு குழாயை மாற்றவில்லை. நீர் தீரும் நிலையிலும், பூசணம் பஞ்சைத் தாண்டிப் பரவும்போதும் மட்டுமே மாற்றம் தேவை. அதற்கும் ‘ஈ’க்குச் செய்ததுபோல் இரண்டு குழாய்களை வாய்க்கு வாய் இணைத்துவிட்டுக் காத்திருப்பதே முறை. கலவியுறாத ‘ஆ’வைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டேன், வேறு நிலத்தில் எந்த எறும்பையும் விடுவது தகாது.

‘அ’வின் குடியில் இப்போது முப்பதுக்கு மேற்பட்ட வேலைக்காரர்கள் இருக்கின்றன, குழாய் நெருக்கடியாகிவிட்டது. அவற்றை ‘ஈ’ இருந்த அதே ஜிப்சம் கூட்டுக்குத்தான் மாற்றியிருக்கிறேன், ஆனால் பத்து அறைகளில் எட்டின் வழிகளை ஈரமணலால் அடைத்துவிட்டு. மூன்றாம் நாள் இரவில் வேலைக்காரர்கள் அந்த மணலை ஒவ்வொரு துகளாக அகற்றத் தொடங்கின. இதுவரை ஓர் அறையைத் திறந்திருக்கின்றன, மற்ற ஏழையும் தொடவில்லை.